சரிபாதியும் பதினேழு இடங்களும்: சிலியின் அரசமைப்பு முயற்சியில் பூர்வகுடிப் பெண்கள்

அரசமைப்புச் சட்டத்தை எழுதும் அவையில் பெண்களும் ஆண்களும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றி, அதன்படி தேர்தலும் நடத்தி, உலகில் முதன்முதலாக அப்படியோர் அவையைக் கூட்டிய நாடு சிலி. 2021 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட 155 பேரில் 77 பேர் பெண்கள். அதே அவையில் பூர்வகுடி மக்களுக்கென்று 17 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்பதில் பெண்கள் அமர்ந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவரான எலிசா லோன்கோன், மபுச்சே இனத்தைச் சேர்ந்த மொழியியலாளர், அவையின் முதல் தலைவரானார்.

இரண்டே ஆண்டுகளில் சிலி மறுபடியும் ஓர் அரசமைப்பு அவையைத் தேர்ந்தெடுத்தது. அதிலும் பெண்கள் சரிபாதி. பூர்வகுடிகளுக்கோ ஒரே ஓர் இடம். அதில் அமர்ந்தவர் ஓர் ஆண்.

பெண்களுக்கான சரிபாதி முதல் அவையின் தோல்விக்குப் பிறகும் தப்பிப் பிழைத்தது. பூர்வகுடிகளுக்கான இடங்கள் பிழைக்கவில்லை. ஒரே போராட்டத்தில் ஒன்றாகப் பிறந்தவை போலத் தோன்றிய இரண்டு உரிமைகளுக்கு இப்படி இருவேறு முடிவுகள் வாய்த்தது ஏன்? இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற பூர்வகுடிப் பெண்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சிலியின் அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆற்றுக்குத் தெற்கே

சிலியின் நடுப்பகுதியில் மேற்கு நோக்கி ஓடும் ஆறு பியோபியோ. அதற்குத் தெற்கே வாழ்ந்த மபுச்சே மக்களை ஸ்பானியப் பேரரசால் அடக்க முடியவில்லை. 1641இல் கிலின் என்னுமிடத்தில் இரு தரப்பும் கூடிப் பேசி, அந்த ஆற்றையே எல்லையாக ஒப்புக்கொண்டன. மபுச்சே நிலத்தைப் பறித்தது ஸ்பானிய முடியாட்சி அல்ல, அதனிடமிருந்து விடுதலை பெற்ற சிலிக் குடியரசு. 1861 முதல் 1883 வரை சிலியின் இராணுவம் படிப்படியாக அரௌகானியாவைக் கைப்பற்றியது. பின்னர் அரசு அந்த மண்ணை ஏலத்தில் விற்றது, ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளுக்கும் கொடுத்தது. 1884 முதல் 1929 வரை மபுச்சே மக்களுக்கு அது எழுதிக்கொடுத்த பட்டா நிலம், அவர்களுடைய பழைய நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். குடும்பக் கூட்டத்தின் தலைவராக அரசு கருதியவர் பெயரில் பட்டா எழுதப்பட்டது. அந்தத் தலைவர் பெரும்பாலும் ஆண். விதை காத்தும் ஆடு மேய்த்தும் தறி நெய்தும் அந்த மண்ணை நடத்திய பெண்கள் காகிதத்தில் ‘அவரைச் சார்ந்தோர்’ ஆனார்கள்.

1973 செப்டம்பர் 11 அன்று சல்வதோர் அயெந்தேயின் ஆட்சியை இராணுவம் கவிழ்த்தது. அயெந்தே காலத்தில் நிலச் சீர்திருத்தத்தின் வழியே மீண்டிருந்த நிலங்களின் பெரும்பகுதி மறுபடியும் பறிபோயிற்று. பினோசேயின் இராணுவ அரசு 1974இல் பிறப்பித்த 701ஆம் எண் ஆணை, காடு வளர்ப்புக்கு மானியம் தந்தது. காடு என்று அது சொன்னது பைன், யூகலிப்டஸ் தோட்டங்களை. அவை வளர வளரக் கிணறுகளும் சதுப்புகளும் வற்றின. 1979இல் வந்த 2568ஆம் எண் ஆணை இன்னும் ஒரு படி மேலே போனது. பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கலாம்; பிரித்ததும் அந்த நிலம் பூர்வகுடி நிலமாகக் கருதப்படாது, அதன் உடைமையாளர்களும் பூர்வகுடிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. பேனாவின் ஒரு கீறலில் ஒரு மக்களினமே இல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டில் பினோசே கொண்டுவந்த அரசமைப்புச் சட்டத்தில் பூர்வகுடிகள் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிலம் சுருங்கியபோது முதலில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்களில் இளம்பெண்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தலைநகர் சாந்தியாகோவின் வசதியான வீடுகளில் சமைத்தும் துவைத்தும் பிள்ளை வளர்த்தும் உழைத்தவர்களில் மபுச்சே பெண்கள் கணிசமானவர்கள். சிலியின் மேல்தட்டுக்கு மபுச்சே பெண் என்றால் அடுக்களையில் நிற்பவள். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்தால்தான், ஒரு மபுச்சே பெண் நாட்டின் அரசமைப்பு அவைக்குத் தலைமை தாங்கியபோது எழுந்த மகிழ்ச்சியும் எரிச்சலும் நமக்குப் புரியும்.

1990இல் இராணுவ ஆட்சி போனபின்னும் நிலைமை எளிதாக மாறவில்லை. 1993இல் பூர்வகுடிச் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் மேல் பியோபியோவில் ரால்கோ அணை கட்டும் திட்டம் வந்தபோது அந்தச் சட்டத்தின் வலு எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. பெர்த்தா, நிகோலசா கின்ட்ரேமான் என்னும் சகோதரிகள் பெஹுவென்சே இனத்தவர், மபுச்சே மக்களின் மலைப்பிரிவினர். தங்கள் நிலத்தைத் தர மாட்டோம் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அணையை ஏற்க மறுத்த பூர்வகுடி வளர்ச்சிக் கழகத்தின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி இழந்தார்கள். 2004இல் அணை இயங்கத் தொடங்கியது. சட்டம் இருந்தது, அரசமைப்பில் அதற்கு வேர் இல்லை.

வீட்டிலும் ஜனநாயகம்

சிலியின் பெண்களுக்கும் அரசமைப்போடு பழைய கணக்கு ஒன்று உண்டு. 1935இல் சிலிப் பெண்கள் விடுதலை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வழக்கறிஞர் எலேனா கஃபரேனா. பெண்களுக்கு முழு வாக்குரிமை தரும் சட்டத்தின் வரைவில் அவர் பங்கு பெரிது. 1949இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த சட்டத்தின் பேரில் கஃபரேனாவின் சொந்த வாக்குரிமை பறிக்கப்பட்டது. உரிமை கொடுத்த கையே அதைக் கேட்டவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

இராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவுக்கு வந்த பெண்கள், ஜனநாயகம் நாட்டிலும் வேண்டும், வீட்டிலும் வேண்டும் என்று முழங்கினார்கள். சமூகவியலாளர் ஹுலியேத்தா கிர்க்வுட் அந்த முழக்கத்துக்குக் கோட்பாட்டு வலு சேர்த்தார். ஆனால் 1980ஆம் ஆண்டின் அரசமைப்பு, பிறக்கவிருக்கும் உயிரைச் சட்டம் காக்கும் என்று எழுதி வைத்திருந்தது. பினோசே பதவியிலிருந்து இறங்குவதற்குச் சற்று முன், 1989இல், தாயின் உயிரைக் காக்கச் செய்யும் கருக்கலைப்பும் குற்றமாக்கப்பட்டது. மணவிலக்குச் சட்டம் வர 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017இல்தான் மூன்று காரணங்களுக்காகக் கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்டது: தாயின் உயிருக்கு ஆபத்து, பிழைக்க முடியாத கரு, பாலியல் வன்புணர்வு. அந்தச் சட்டத்தையும் அரசமைப்புத் தீர்ப்பாயம் ஆராய்ந்தது. சட்டம் தப்பியது, ஆனால் தனி மருத்துவர் மட்டுமின்றி ஒரு மருத்துவமனை முழுவதுமே மனசாட்சியைக் காரணம் காட்டி மறுக்கலாம் என்று தீர்ப்பாயம் வழி திறந்துவிட்டது.

இப்படி ஒவ்வொரு சட்டமும் அரசமைப்பின் வாசலில் முட்டி நின்றதால்தான், சிலியின் பெண்ணியர்களுக்கு அரசமைப்பு என்பது சட்ட வல்லுநர்களின் வேலையாகத் தெரியவில்லை. மபுச்சே மக்கள் தங்கள் நிலத்தில் கண்டதை அவர்கள் தங்கள் உடலில் கண்டார்கள்.

கொடியும் சதுக்கமும்

2019 அக்டோபரில் சாந்தியாகோவின் சுரங்க ரயில் கட்டணம் 30 பெசோ உயர்ந்தது. பள்ளி மாணவர்கள் தடுப்புகளைத் தாண்டிக் குதித்துக் கட்டணமின்றிப் பயணம் செய்தார்கள். சில நாட்களில் நாடே தெருவில் நின்றது. 30 பெசோவுக்காக அல்ல, 30 ஆண்டுகளுக்காகப் போராடுகிறோம் என்றார்கள். ஓய்வூதியம், கல்வி, தண்ணீர், மருத்துவம் எல்லாவற்றையும் சந்தைக்கு விட்ட ஏற்பாட்டின் ஆணிவேர் பினோசேயின் அரசமைப்பு என்பது அன்று சுவர்களில் எழுதப்பட்ட பொதுப் புத்தியாயிற்று.

அந்த அக்டோபரின் அடையாளமாக உலகம் கண்ட ஒளிப்படத்தை எடுத்தவர் ஒரு பெண், நடிகை சுசானா ஹிடால்கோ. சிலைமேல் ஏறி நிற்கும் கூட்டத்தின் உச்சியில் ஒருவர் மபுச்சே கொடியை உயர்த்திப் பிடித்திருப்பார். கட்சிக் கொடிகள் வெறுக்கப்பட்ட அந்தச் சதுக்கத்தில் மபுச்சே கொடி மட்டும் எல்லாருக்கும் சொந்தமானது. ஓராண்டுக்கு முன், 2018 நவம்பரில், கமிலோ கத்ரில்லான்கா என்ற மபுச்சே இளைஞரைக் காவல்துறை சுட்டுக் கொன்றிருந்தது. அவருடைய முகமும் போராட்டத்தின் சுவர்களில் இருந்தது. நவம்பர் இறுதியில் வல்பரைசோவின் லாஸ் தெசிஸ் குழுப் பெண்கள் கண்களைக் கட்டிக்கொண்டு நிகழ்த்திய பாலியல் வன்முறை எதிர்ப்பு நிகழ்வு உலகெங்கும் பரவியது.

தெருவில் கொடியும் பெண்களும் ஒன்றாக நின்றது உண்மை. ஆனால் சட்டத்துக்குள் அவர்கள் ஒன்றாக நுழையவில்லை. 2019 நவம்பர் 15 விடியற்காலையில் கட்சித் தலைவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், புதிய அரசமைப்புக்கான பொதுவாக்கெடுப்பை அறிவித்தது. அதில் பெண்களின் சரிபாதியும் இல்லை, பூர்வகுடி இடங்களும் இல்லை. கட்சி வேறுபாடு பாராமல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களும், பெண் அரசியல் ஆய்வாளர்களின் வலையமைப்பு ஒன்றும், தெருவிலிருந்த பெண்ணிய இயக்கங்களும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தால் 2020 மார்ச்சில் சரிபாதிச் சட்டம் நிறைவேறியது. பூர்வகுடி இடங்கள் அப்போது தள்ளிவைக்கப்பட்டன.

அக்டோபர் 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 78 சதவீதத்தினர் புதிய அரசமைப்பு வேண்டும் என்றார்கள். அவர்கள் வாக்களித்தபோது, அதை எழுதும் அவையில் பெண்கள் பாதியாக இருப்பார்கள் என்பது முடிவாகியிருந்தது. பூர்வகுடிகள் இருப்பார்களா என்பது முடிவாகவில்லை. அதற்கான சட்டம் அந்த ஆண்டின் டிசம்பரில்தான் வந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் கேட்ட இடம் அதிலும் மறுக்கப்பட்டது. சரிபாதிக்கும் பூர்வகுடி இடங்களுக்கும் இடையில் விழுந்த இந்த ஒன்பது மாத இடைவெளியை நாம் கவனிக்க வேண்டும். பெண்களுக்கான நியாயத்தைச் சிலியின் அரசியல் வர்க்கம் எளிதில் புரிந்துகொண்டது. தன் மனைவிக்கும் மகளுக்கும் அதில் பங்கு இருந்தது. பூர்வகுடிகளுக்கான நியாயம் நிலத்தைத் தொட்டது.

எண்ணும் கணக்கு

சரிபாதி எப்படிக் கணக்கிடப்பட்டது? வேட்பாளர் பட்டியல்களில் பெண்களும் ஆண்களும் மாறி மாறி வரவேண்டும், பெண் பெயரே முதலில் வரவேண்டும். வாக்கு எண்ணிய பிறகும் ஒரு தொகுதியில் சமநிலை வராவிட்டால், அதிகமாக உள்ள பாலினத்தவரில் குறைந்த வாக்கு பெற்றவர் விலகி, அதே அணியைச் சேர்ந்த மற்றப் பாலினத்தவருக்கு இடம் தரவேண்டும். 2017 நாடாளுமன்றத் தேர்தலில் கீழவையின் 155 இடங்களில் 35 மட்டுமே பெண்களுக்குக் கிடைத்திருந்த நாடு இது. ஆகவே இந்த விதி பெண்களைத் தூக்கிவிடும் ஊன்றுகோலாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. பெண்கள் எதிர்பார்த்ததைவிட அதிக வாக்கு பெற்றார்கள். ஆண்களுக்கு வழிவிட்டு விலகிய பெண்களே பெண்களுக்கு வழிவிட்ட ஆண்களைவிட அதிகம். பெண்களுக்கு வாக்கு விழாது என்ற பழைய கதை அந்த ஒரே நாளில் பொய்த்தது.

பூர்வகுடி இடங்கள் வேறு வகை. மபுச்சே மக்களுக்கு ஏழு, ஐமாராவுக்கு இரண்டு. ரப்பா நூயி, கெச்சுவா, லிக்கன்அந்தாய், தியாகீத்தா, கோயா, சாங்கோ, கவேஸ்கர், யாகான் ஆகியோருக்குத் தலா ஒன்று. நம் தனித்தொகுதியில் வேட்பாளர் மட்டுமே பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர். வாக்களிப்பவர்கள் தொகுதியின் எல்லாரும். சிலியில் பூர்வகுடிகளே பூர்வகுடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்பேத்கர் கேட்டு 1932இல் பூனாவில் கைவிட நேர்ந்த தனிவாக்காளர் தொகுதிக்கு இது நெருக்கமானது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பூனாவில் கைவிடப்பட்ட அந்த ஏற்பாட்டில் பொதுத்தொகுதியிலும் ஒரு வாக்கு இருந்தது. சிலியின் பூர்வகுடி வாக்காளர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்: பூர்வகுடி வாக்குச்சீட்டு அல்லது பொதுச்சீட்டு. பூர்வகுடிச் சீட்டை வாங்கியவர்கள் தகுதியுள்ளோரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. பலருக்கு அப்படியொரு சீட்டு இருப்பதே தெரியவில்லை. சிலர் இந்த அரசின் அரசமைப்பில் தங்களுக்கு வேலை இல்லை என்று ஒதுங்கினார்கள். இந்தக் குறைந்த எண்ணிக்கை பின்னால் ஆயுதமாகத் திரும்பி வந்தது.

தலைமை இருக்கையில்

2021 ஜூலை 4 அன்று பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் அவை கூடியது. வெளியே காவல்துறைக்கும் போராட்டக்காரர்களுக்கும் மோதல். உள்ளே தேசிய கீதத்தையும் மீறிய கூச்சல். பதவியேற்பை நடத்திய தேர்தல் தீர்ப்பாய அதிகாரி கார்மென் குளோரியா வல்லதாரெஸ் பதறாமல் விழாவை நிறுத்திவைத்து, நிலைமை தணிந்த பிறகு தொடர்ந்தார். இரண்டாம் சுற்றில் 96 வாக்குகள் பெற்று லோன்கோன் தலைவரானார். மபுச்சே உடையில், மபுச்சே கொடியுடன் வந்து, மபுதுங்குன் மொழியில் வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். சுரண்டலுக்கு எதிராக, தாய் மண்ணுக்காக, பெண்களின் உரிமைக்காக இந்த அவை நாட்டை மறுபடி நிறுவும் என்ற பொருளில் பேசினார். 1992இல் அந்தக் கொடியை உருவாக்கிய இயக்கத்தில் இளம்பெண்ணாகப் பங்கெடுத்தவர் அவர். மறுநாள் அவை கூடமுடியவில்லை. தொழில்நுட்ப ஏற்பாடுகளை அரசு சரியாகச் செய்து தரவில்லை. தலைமை கிடைத்தது, ஒலிவாங்கி கிடைக்கவில்லை.

அவையில் இருந்த இன்னொரு மபுச்சே பெண் பிரான்சிஸ்கா லின்கொனாவோ. அவர் ஒரு மாச்சி: வைத்தியமும் சடங்குத் தலைமையும் ஏற்கும் ஆன்மிக வழிகாட்டி. மூலிகைகள் வளரும் புனிதச் சதுப்பையும் அதைச் சுற்றியிருந்த மரங்களையும் வெட்டி பைன் நட முயன்ற நிறுவனத்துக்கு எதிராக அவர் வழக்கு தொடுத்தார். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பூர்வகுடிகள் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் எண் உடன்படிக்கையைச் சிலியின் நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்திய முன்னோடி வழக்கு அது. பிறகு, முதிய தம்பதி ஒருவர் தீவைப்பில் இறந்த வழக்கில் அவரையே குற்றம் சாட்டி மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். உண்ணாவிரதம் இருந்து வீட்டுக்காவலுக்கு மாறினார். இருமுறை விசாரணை நடந்து, இருமுறையும் விடுவிக்கப்பட்டார். பயங்கரவாதி என்று அரசு முத்திரை குத்தப் பார்த்த அந்தப் பெண்ணுக்கே மபுச்சே வாக்காளர்கள் அதிக வாக்குகளை அளித்தார்கள்.

அவையில் அவர் மபுதுங்குனில் பேசத் தொடங்கியபோது எதிர்ப்புக் குரல் எழுந்தது: ஸ்பானியம் தெரிந்தவர் ஏன் இந்த மொழியில் பேச வேண்டும்? அப்படிக் கேட்டவரும் ஒரு பெண். சரிபாதி விதியின் பயனைப் பெற்ற அதே அவையில், வலதுசாரிப் பெண் ஒருவர் பூர்வகுடிப் பெண் ஒருவரின் வாயை மூடப் பார்த்தார். பெண்கள் பாதி என்பதால் பெண்கள் ஒருவர் என்று ஆகிவிடாது.

மொழியின் பெறுமதி என்ன என்பதை நாட்டின் தென்கோடியிலிருந்து வந்த ஒரு செய்தி உணர்த்தியது. யாகான் மக்களின் இடத்திலிருந்து வந்தவர் லிதியா கொன்சாலெஸ். அவருடைய தாய் கிறிஸ்தினா கல்தெரோன், யாகான் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர். 2022 பிப்ரவரி 16 அன்று, 93ஆம் வயதில், கல்தெரோன் இறந்தார். மகள் அவையில் மொழியுரிமைக்காக வாதாடிக்கொண்டிருந்த மாதங்களில், தாயோடு அந்த மொழியின் கடைசி வீட்டுக்குரல் அடங்கியது. அங்கீகாரம் தாமதமானால் அங்கீகரிக்க ஒன்றும் மிஞ்சாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எழுதியதும் மறுக்கப்பட்டதும்

2022 ஜூலை 4 அன்று 388 உறுப்புகள் கொண்ட வரைவு அதிபர் கேப்ரியல் போரிக்கிடம் தரப்பட்டது. அரசின் எல்லா அமைப்புகளிலும் பெண்கள் குறைந்தது பாதி. வீட்டுவேலையும் பராமரிப்பும் சமூகத்துக்குத் தேவையான உழைப்பு. கர்ப்பத்தைத் தன் விருப்பப்படி முடித்துக்கொள்ளும் உரிமை. கருக்கலைப்பு உரிமைக்கான முன்மொழிவு, மக்கள் முன்மொழிவுகளுக்குத் தேவையான 15,000 கையொப்பங்களை விரைவாகத் திரட்டி அவைக்கு வந்தது. இன்னொரு பக்கம், சிலி ஒரு பல்தேசிய நாடு என்றது முதல் உறுப்பு. 11 பூர்வகுடி மக்களினங்களைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது வரைவு. முற்றாக அழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டு வந்த, அவையில் தனியிடம் பெறாத செல்க்நாம் மக்களும் அதில் இருந்தார்கள். நிலத்தை மீட்கும் வழி, பூர்வகுடி நீதிமுறை, தங்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களின் ஒப்புதல் ஆகியவையும் எழுதப்பட்டன.

2022 செப்டம்பர் 4 அன்று நாடு அதை நிராகரித்தது. வேண்டாம் என்றவர்கள் 62 சதவீதம். அரௌகானியாவில் அது 70 சதவீதத்தையும் தாண்டியது. மபுச்சே மக்கள் அதிகம் வாழும் ஊர்களிலும் வரைவு தோற்றது.

இதற்குப் பொய்ப் பிரச்சாரமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. வீடுகள் பறிக்கப்படும், கொடி மாற்றப்படும் என்ற பொய்கள் பரவியது உண்மைதான். ஆனால் அது மட்டும் போதுமான விடை ஆகாது. அவையைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் வாக்காளர்களில் பாதிக்கும் குறைவானோரே பங்கேற்றார்கள். நிராகரித்த பொதுவாக்கெடுப்பில் வாக்களிப்பது கட்டாயம். அவையைத் தேர்ந்தெடுக்காத லட்சக்கணக்கானோர் அதன் எழுத்துக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. அவை உறுப்பினர் ஒருவர் தனக்குப் புற்றுநோய் என்று பொய் சொல்லி வென்றது அம்பலமானது. பூர்வகுடிகளுடனான கலந்தாய்வு குறுகிய காலத்தில் அவசரமாக நடந்தது. அரௌகானியாவில் 2021 அக்டோபர் முதல் நெருக்கடி நிலை. இராணுவ வண்டிகள் சாலையில் நின்றன. பல்தேசியம் என்ற சொல் தங்கள் ஊரில் என்ன மாற்றும், தண்ணீர் வருமா, நிலம் வருமா, மகன் சிறையிலிருந்து வருவானா என்று கேட்ட ஒரு மபுச்சே தாய்க்கு வாசலில் வந்து விடை சொன்னவர்கள் குறைவு. அவளுடைய ‘வேண்டாம்’ என்பதை அறியாமை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எதிர்ப்பாளர்களின் அம்பு எங்கே குறிவைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். சரிபாதியைப் பொதுமேடையில் தாக்கியவர்கள் குறைவு. பல்தேசியமே முதல் இலக்கு: நாடு துண்டாகிவிடும், ஒரே குற்றத்துக்கு இரண்டு நீதி வந்துவிடும் என்றார்கள். அந்தத் தாக்குதலை எதிர்கொள்ளும் வேலை பெரும்பாலும் பூர்வகுடி உறுப்பினர்கள் தோளிலேயே விழுந்தது.

பதினேழிலிருந்து ஒன்று

தோல்விக்குப் பின் கட்சிகள் புதிய ஏற்பாடு செய்தன. நாடாளுமன்றம் நியமித்த 24 வல்லுநர்கள், அதிலும் சரிபாதி. மக்கள் தேர்ந்தெடுக்கும் 50 பேர், அதிலும் சரிபாதி. பூர்வகுடி இடங்கள் மட்டும் நிலையான எண்ணிக்கையை இழந்தன. பூர்வகுடிப் பட்டியலுக்கு விழும் வாக்குகளின் விகிதத்தைப் பொறுத்தே இடம் என்றானது. முன்பு பலர் பூர்வகுடிச் சீட்டை வாங்காமல் விட்டது இப்போது விதியாக மாறித் திரும்பியது. 2023 மே தேர்தலில் ஓர் இடம் மட்டும் தேறியது.

அந்த அவையில் தீவிர வலதுசாரிகளான குடியரசுக் கட்சியினரே பெரிய அணி. தலைவரானவர் அந்தக் கட்சியின் பெயாத்ரிஸ் ஹேவியா, முப்பது வயதுப் பெண். சரிபாதிப் பெண்கள் கொண்ட, பெண் தலைமை தாங்கிய அந்த அவை எழுதிய வரைவில், பிறக்கவிருக்கும் உயிர் பற்றிய பழைய வாசகம் இன்னும் இறுக்கமாக்கப்பட்டது. ‘எது’ என்ற பொருள் தந்த சொல் ‘யார்’ என்று மாறியது. மூன்று காரணச் சட்டமே பறிபோகும் என்று பெண்கள் அஞ்சினார்கள். 2023 டிசம்பர் 17 அன்று 56 சதவீதத்தினர் அந்த வரைவையும் நிராகரித்தார்கள். இளம்பெண்களிடையே எதிர்ப்பு மிக வலுவாக இருந்தது. பலமுறை திருத்தப்பட்டாலும் 1980ஆம் ஆண்டின் அரசமைப்பே இன்றும் நடப்பில் இருக்கிறது. அதில் பூர்வகுடிகள் இன்றும் இல்லை.

இரண்டு அவைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சரிபாதி என்பது கதவு. உள்ளே யார் வருகிறார்கள் என்பதை அது தீர்மானிப்பதில்லை. முதல் அவையில் அந்தக் கதவு வழியே வந்தவர்களில் தெருவின் பெண்ணியர்கள் இருந்தார்கள், மாச்சி இருந்தார், மொழியியலாளர் இருந்தார், யாகான் கிழவியின் மகள் இருந்தார். இரண்டாம் அவையில் அதே கதவு வழியே பெண்ணின் உடலைப் பூட்ட வந்தவர்களும் வந்தார்கள். இதனால் சரிபாதி வீண் என்று சொல்ல முடியாது. வலதுசாரிப் பெண்ணுக்கும் அவையில் இடம் உண்டு. அவளுக்கும் வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெண்களை எண்ணி முடித்ததும் நம் வேலை முடிந்தது என்று பெண்ணியம் நினைத்தால், எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே உரிமை பறிபோகும்.

மபுச்சே பெண் தன்னைப் பாதி பெண்ணாகவும் பாதி பூர்வகுடியாகவும் பிரித்துக்கொள்ள முடியாது. பெண்ணுக்கு இடம், பூர்வகுடிக்கு இடமில்லை என்று ஒரு சட்டம் சொல்லும்போது அவளுக்குப் பாதி இடம் கிடைப்பதில்லை, இடமே கிடைப்பதில்லை. 2020 மார்ச்சில் சரிபாதிச் சட்டத்தை வென்றெடுத்த பெண்கள் அன்றே அதே சட்டத்தில் பூர்வகுடி இடங்களையும் எழுத வைத்திருந்தால் 2023இல் அவற்றைத் தனியே பிரித்து வெட்டுவது இத்தனை எளிதாக இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. தனித்தனியாக எழுதப்பட்ட உரிமைகள் தனித்தனியாகப் பறிக்கப்படும்.

இருந்தாலும், நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்க முடியாது. வேண்டுமானால் ஓராண்டுக்குள் சட்டம் எழுதி, பெண்களையும் பூர்வகுடிகளையும் அரசமைப்பு அவைக்குள் கொண்டுவர முடியும் என்று சிலி காட்டிவிட்டது. தகுதியான பெண்கள் கிடைக்க மாட்டார்கள், பூர்வகுடிகளுக்குச் சட்டம் எழுதத் தெரியாது என்று இனி எந்த நாட்டிலும் சொல்வது கடினம். அடுத்தமுறை, சிலியிலோ வேறெங்கோ, ஓர் அவையின் விதிகளை எழுத உட்காரும் பெண்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: பாதி என்று எழுதிவிட்டோம், எந்தப் பெண்ணுக்கு இதில் இன்னும் இடமில்லை?